திருப்பிப் போட்ட சிரிப்பு

என் வீட்டுக்காரர் அடுத்தவர்களின் சிரிப்பை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவர். தொலைக்காட்சி நிலையத்தில் படத்தொகுப்பாளர். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்திரி. வீட்டில் ஒரு பால் பாக்கெட்டைக்கூட சிந்தாமல் வெட்டத் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

சினிமா விருது விழாக்கள் அவர் கைபட்ட பிறகுதான் உருப்படியாகும். நேரில் விழா ஜவ்வாக இழுக்கும். முன்வரிசையில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் போனை நோண்டுவார்கள். அதனால் விழா தொடங்குவதற்கு முன்பே கேமராக்காரர்கள் கூட்டத்தின் முகங்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். யாரோ யாரிடமோ எதையோ சொல்லிச் சிரிப்பார்கள், சும்மா கைதட்டிப் பார்ப்பார்கள். மேடையில் ஜோக் எடுபடாத இடத்தில் இவர் அந்தச் சிரிப்புகளில் ஒன்றை எடுத்துச் செருகிவிடுவார். சிரிக்கிறவரின் முகம் மேடைக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால், படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவார். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "அரங்கமே சிரிச்சுதே" என்று என் மாமியார் பூரித்துப்போவார். அரங்கம் எங்கே சிரித்தது, உங்கள் பிள்ளைதான் சிரிக்க வைத்தார் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடம் விழா முடிந்து, அது டிவியில் வருவதற்குள் ஒரு சாவு விழுந்துவிட்டது. விழாவில் மூன்றாம் வரிசையில் இடது ஓரமாக உட்கார்ந்திருந்த பழைய நகைச்சுவை நடிகர் தூக்கத்திலேயே போய்விட்டார். இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருக்கும். மச்சக்காரர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய மனைவி நிலையத்துக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அவர் சிரிப்பதை மட்டும் காட்டிவிடாதீர்கள். விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார், நான்தான் சோம்பல்பட்டுக்கொண்டு போகவில்லை. நான் இல்லாத இடத்தில் அவர் கடைசியாகச் சிரித்ததை என்னால் பார்க்க முடியாது என்றாராம்.

நிலையத்தின் தலைமை அதிகாரி சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆள்குறைப்பில் பெயர் வாங்கியவர். போன மாதம் ஒரு பாடகி மேடையில் தேம்பி அழுத இடத்தில் என் வீட்டுக்காரர் தவறிப்போய்ச் சிரிக்கிற முகமொன்றைச் செருகிவிட்டார். பார்த்தவர்கள் போன் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள். இன்னொரு தப்பு வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் எங்கே போய் வேறு இடம் பார்ப்பது? பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற என் சம்பளத்தை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் பாதி மாதத்தைத் தாண்ட மாட்டோம்.

ஆகவே இவர் ராத்திரி பகல் பாராமல் தேடித் தேடி வெட்டினார். மூன்றாம் வரிசை இடது ஓரம், இடது கன்னத்தில் மச்சம். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துவிட்டார். மேடமும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழா ஒளிபரப்பானபோது மனிதர் முள்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கூடத்தில் அன்றைக்கு நான்கு பேர். மாமியார், நான், இவர், அப்புறம் கீழ்வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் வீட்டு டிவி ரிப்பேர். மாமியார் நடிகைகளின் புடவையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கு எந்த விருது என்று கண்டக்டர் முன்கூட்டியே அறிவித்து, ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தார். இதெல்லாம் முன்பே பேசி வைத்ததுதானே என்று இவரிடம் இரண்டு தடவை கேட்டார். இவர் காதில் விழவில்லை. படம் மேடையிலிருந்து கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இவருடைய கால் பெருவிரல் மடங்கியது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. கன்னங்களை மட்டும் பார்த்தேன்.

முக்கால்வாசி விழா முடிந்திருந்தது. இனி பயமில்லை என்று நான் டீயைக் கொண்டுவந்து கொடுத்தேன். மேடையில் நிகழ்ச்சியை நடத்துகிறவர் ஒரு அசட்டு ஜோக் சொன்னார். படம் கூட்டத்துக்குப் போனது. திரையின் வலது ஓரத்தில் மச்சக்காரர். தலையைப் பின்னால் சாய்த்து, கண் இடுங்க, வாய்விட்டுச் சிரித்தார்.

கண்டக்டர் தொடையைத் தட்டிக்கொண்டு தானும் சிரித்தார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"திருப்பிப் போட்டிருக்கேன்" என்றார் என்னிடம். "இது அவர் உயிரோட இருந்தப்போ செருகினது. திருப்பிப் போட்டதால வலது ஓரத்துல இருக்கார். மச்சமும் வலது கன்னத்துக்குப் போயிடுச்சு. நான் இடது பக்கமே தேடிட்டு இருந்திருக்கேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஒன்றுமில்லாத ஒரு அசட்டு ஜோக்கைக் காப்பாற்றப் போய் எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்டாரே என்று பொருமினேன். ஆனால் அதைக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

கண்டக்டர் தன் போனை எடுத்து ஜனங்கள் எழுதுவதைப் படிக்க ஆரம்பித்தார். நடந்தது அவருக்கு முழுசாகப் புரியவில்லை. ஆளாளுக்கு ஒன்று எழுதியிருந்தார்கள். தெய்வமே, கடைசியாக ஒருமுறை சிரிக்க வைத்தீர்களே என்று ஒருவர். செத்தவரை வைத்தும் வியாபாரமா, வெட்கமில்லையா என்று இன்னொருவர். மச்சம் இடம் மாறியிருக்கிறது, இது ஏதோ தில்லுமுல்லு என்று மூன்றாமவர். படிக்க வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறுத்தினார்.

விளம்பர இடைவேளையில் மேடம் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்த அம்மா உங்களிடம்தான் பேச வேண்டும் என்கிறார், நம்பரைக் கொடுத்திருக்கிறேன், முதலில் அவரிடம் பேசி முடியுங்கள், பிறகு உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த அழைப்பு வருவதற்குள் இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். போனில் பேசுவதற்கு எதற்குச் சட்டை என்று நான் கேட்கவில்லை. மணி அடித்தது. நானே போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"அந்தச் சிரிப்பப் போட்டது நீங்கதானா?"

"நான்தாம்மா. வேணும்னு செய்யல" என்று தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தார். முகம் எதிர்ப்பக்கம் இருந்தது, திருப்பினேன், மச்சம் பக்கம் மாறிவிட்டது, அதனால் என் கண்ணில் படவில்லை. ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"அவருக்கு மேக்கப் போட்டது நான்தான்" என்றார் அந்த அம்மா. "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே. நான் அவருக்குப் பின்னாடி நின்னு விக் வைப்பேன். அவர் கண்ணாடியப் பாத்துக்கிட்டேதான் எங்கிட்டப் பேசுவாரு. எனக்குச் சிரிப்பு வர்ற வரைக்கும் விடமாட்டாரு. அந்தக் கண்ணாடில மச்சம் இப்ப டிவில தெரிஞ்ச பக்கம்தான் இருக்கும்."

இவர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"டிவிய அணைக்கத்தான் எந்திரிச்சேன். பாத்தா, கண்ணாடில பாத்த மாதிரியே சிரிக்கறாரு. நான் பின்னாடி நிக்கற மாதிரியே இருந்துச்சு" என்றார். "உங்க மேடத்துக்கிட்ட நானே பேசிக்கறேன். உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

இவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. உயிர் வந்ததும் தொழில் புத்தியும் கூடவே வந்துவிட்டது. "சனிக்கிழமை மறுபடியும் போடுவாங்கம்மா. அதுக்குள்ள சரியாத் திருப்பி, மச்சத்த இடது பக்கமே கொண்டுவந்துடறேன்" என்றார். நான் அவர் கையை அழுத்தினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "திருப்பிடாதீங்க. அது ஊரெல்லாம் பாத்த முகம். இது நான் மட்டும் பாத்தது."

போன் வைக்கப்பட்டது. கண்டக்டர் யாரையும் பார்க்காமல் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டார். மாமியார் டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டார். மேடையில் யாரோ வாயை மட்டும் அசைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் பெரிய விருது யாருக்குப் போனது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.