உள்பக்கம் அடித்த பட்டை

எங்கள் மைதானத்தில் ஆடுகளம் தயார் செய்கிறவருக்கு 'அங்குலம்' என்று பெயர். வைத்தவன் நான்தான், அங்கே ஸ்கோர் எழுதுகிறவன். ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே அறுபத்தாறு அடி. அதில் ஒரு நூல் பிசகினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. வீட்டில் கட்டிலைக்கூட டேப் வைத்து அளந்துதான் போட்டிருக்கிறார். "நான் கோணலா படுத்தா எழுப்பித் திருத்துவாரு" என்பார் அவர் மனைவி.

அவருடைய மகள் நன்றாக மட்டை பிடிப்பாள். அன்று தேர்வுப் போட்டி. வயது வரம்பு முடிகிற வருஷம். அன்றைக்கு அடித்தால்தான் அணியில் இடம், விட்டால் போச்சு.

விடிந்ததும் ஸ்டம்பிலிருந்து நான்கு அடி அளந்து கோடு போட்டார். ஓடி வருகிறவரின் மட்டை அந்தக் கோட்டின் ஸ்டம்ப் பக்கத்து உள்விளிம்பைத் தாண்டியிருக்க வேண்டும்; கோட்டின் மேலேயே நின்றால் அவுட். மகள் ஆடுகிற களம், கோடு பளிச்சென்று தெரிய வேண்டாமா? ஒட்டினாற்போல் இன்னொரு பட்டை அடித்தார். அதை வெளிப்பக்கம்தான் அடிக்க வேண்டும். இருபது வருஷமாக அப்படியே செய்தவர், அன்று உள்பக்கம் அடித்துவிட்டார். பாசம் கண்ணை மறைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

முப்பத்தெட்டு எடுத்திருந்தபோது அவள் ஓடி வந்து மட்டையை நீட்டினாள். பந்து ஸ்டம்பில் பட்ட நேரம், மட்டை நுனி அந்த இரண்டாவது பட்டையின் மேல் இருந்தது. நடுவர் விரலைத் தூக்கிவிட்டார். முதல் கோடு மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

என் மேசையருகே நின்ற அங்குலத்துக்கு முகம் வெளுத்துப்போனது. இடைவேளையில் நடுவரிடம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, கோடு தப்பு. ரெண்டு அங்குலம் உள்ள வந்துடுச்சு. என் பொண்ணு அவுட்டே இல்ல."

நடுவர் நல்ல மனிதர். அதுதான் கொடுமை, திட்டக்கூட ஆளில்லை. "முடிஞ்ச தீர்ப்ப மாத்த முடியாதுங்க. இப்ப கோட்ட மாத்தினா அவங்களுக்கு ஒரு அளவு, இவங்களுக்கு ஒரு அளவுன்னு ஆயிடும். இருக்கிற கோட்டு மேலயே திரும்ப அடிச்சிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய? என் புத்தகத்திலும் ரன் அவுட் என்று மையில் எழுதியாகிவிட்டது.

அவர் சுண்ணாம்பு வாளியோடு போய்க் குந்தினார். காலில் கட்டிய பேடைக்கூட அவிழ்க்காமல் மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏம்பா உங்க கண்ணு கலங்குது? கோடு நல்லா பளிச்சுனுதான் இருந்துச்சு. நான்தான் மெதுவா ஓடிட்டேன்."

அவர் தலை தூக்காமல் அந்த இரண்டாவது பட்டையின் மேல் பிரஷை இழுத்தார். கோடு நேராகத்தான் வந்தது.