மேகத்துக்குள் கேட்ட வரம்

நிலம் தெரியவில்லை. போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சின்ன விமானம் ஒன்றில் தனியாக இருந்தேன். முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை, கீழேயும் வெள்ளை. இன்றைக்கு என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். அடியார்களே, இதை நான் உயிரோடு இருந்து எழுதுவது எங்கள் ஊர் அம்மன், அம்மாளாச்சி போட்ட பிச்சை.

நான் விசுவமடு ஊர்ப் பிள்ளை. பயணிகள் விமானம் ஓட்டுவதற்குப் படிக்கிறேன். அதற்கான அனுமதிப்பத்திரம் கிடைக்கப் பரீட்சை மட்டும் போதாது, பறந்த மணித்தியாலங்களையும் சேர்க்க வேண்டும். தூர இடத்துக்குத் தனியாகப் போய் இறங்கியும் காட்ட வேண்டும். அன்று கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு. முதல் நாளே அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"நாளைக்கு எங்கட வீட்டுப் பக்கத்தால வாறன். வெளியில முத்தத்தில நிண்டு பாருங்கோ."

"பாக்கிறன் பிள்ளை," என்றார். குரல் சரியில்லை.

அம்மாவுக்கு விமானம் என்றால் இன்றும் பயம். யுத்த காலத்தில் குண்டு போடும் விமானம் வந்தால், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பங்கருக்கு, அந்தப் பதுங்குகுழிக்கு, ஓடியவர். யுத்தம் முடிந்த பிறகும் வானத்தில் சத்தம் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் நிலத்தில் இருந்துவிடுவார். அவருக்கு இப்படியொரு மகள் வாய்த்தது தலைவிதி என்று வீட்டில் பகிடி பண்ணுவோம்.

வவுனியா தாண்டும் வரை வானம் வெளித்திருந்தது. பிறகு மேகம் திரண்டு வந்தது. என்னைப் போலப் படிக்கிறவர்கள் நிலத்தைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும், மேகத்துக்குள் போகக் கூடாது. சுற்றிப் போகலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் மூடிவிட்டது.

விமானம் வலப்பக்கம் சரிகிறது என்று உடம்பு சொன்னது. சிறகு சமமாகத்தான் இருக்கிறது என்று கருவி காட்டியது. கருவியைத்தான் நம்ப வேண்டும் என்று படித்திருக்கிறேன். கை கேட்கவில்லை. வானொலியில் நிலைமையைச் சொன்னேன். பதறாமல் மெதுவாகத் திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன். அங்கேயும் வெள்ளை.

பாடமாக்கிய தேவாரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அம்மாளாச்சி, கொஞ்சம் திறந்து விடு. நிலத்தைக் காட்டு தாயே" என்று கத்தினேன். அழுதேன். கருவியை மட்டும் பார்த்தபடி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடப்பக்கம் கீழே ஓர் இடம் வெளித்தது. அதற்குள் தண்ணீர் மினுங்கியது. இரணைமடுக் குளம். குளக்கட்டைக் கண்டேன், வயலைக் கண்டேன். அந்த வெளியால் இறங்கி, மேகத்துக்குக் கீழாகவே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன். விமானத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

போன் அடித்தது. அம்மா.

"இறங்கிட்டியே?"

"ஓம் அம்மா."

"சத்தம் கேட்டது, உன்னைக் காணேல்ல. நல்லா மூடிக் கிடந்தது." குரலில் ஒரு நிம்மதி. "விடியவே அம்மாளாச்சியிட்டக் கேட்டனான், என்ர பிள்ளையை மேகத்தால மூடிக் காப்பாத்து எண்டு."

மேகத்துக்குள் நடந்ததைச் சொன்னேன்.

"வானம் மூடிக் கிடந்தா குண்டு போட வரமாட்டாங்கள். அந்த நாளிலதான் பிள்ளை அப்ப நாங்கள் உயிரோட இருந்தனாங்கள்," என்றார். "எனக்கு வேற என்ன கேக்கத் தெரியும்?"

அடுத்த வெள்ளி இருவரும் அம்மாளாச்சி கோயிலுக்குப் போய்ப் பொங்கிப் படைத்தோம். என் அம்மா பிழையானதைக் கேட்டார் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். அது கிடைத்தது. முன்பெல்லாம் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு ஓடுகிறவள் நான். இப்போது பறக்கும் முன் வானிலையை இரண்டு தரம் பார்க்கிறேன், அம்மாளாச்சியை ஒரு தரம் நிதானமாக நினைக்கிறேன். உங்களுக்கும் என்ன கேட்பதென்று தெரியாத நேரம் வரும். தெரிந்த மாதிரிக் கேளுங்கள். அவளுக்கு விளங்கும்.

அம்மாவின் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் சத்தம் கேட்டால் இப்போது முற்றத்துக்கு வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறார். நான் பறக்கும் நாளுக்கு முதல் நாள் தவறாமல் போன் எடுத்துக் கேட்கிறார்:

"நாளைக்கு மூடச் சொல்லவோ, திறக்கச் சொல்லவோ?"

"திறக்கச் சொல்லுங்கோ அம்மா."