அக்கா மரியாதையாகப் பேசினால்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் ஒரே மகள் தாரணி முடிவு செய்துவிட்டாள். சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு நிபந்தனையும் விதித்தாள்.

"மாமா, கல்யாண வீட்டுல மைக் பிடிச்ச மாதிரி எழுதிடாதீங்க. மரியாதையா எழுதுங்க."

அங்கேதான் கை நின்றுவிட்டது. 'அக்கா அவர்கள் பிறந்தார், வளர்ந்தார்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் மரியாதை வந்தால் அது நல்லதற்கு அல்ல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். ஏன் என்று சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகும் என் குழப்பம் தீரப்போவதில்லை. படிக்கிற உங்களுக்குத் தீர்ந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

அக்கா பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அப்பா தண்டவாளம் பராமரிக்கும் வேலையில் இருந்தார். நான் பால்குடி மறக்கும் முன்பே அம்மா காலமாகிவிட்டதால், எனக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது, வழியில் நின்று முதுகில் இரண்டு வைத்தது எல்லாம் அக்காதான். அவரும் அப்போது குழந்தைதான். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பள்ளியை முடித்ததும் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. அந்தக் கம்பி தெரிந்த கண்ணுக்கு, தலைமேல் ஏற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மட்டும் கடைசிவரை தெரியவில்லை. கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அத்தானைக் கைப்பிடித்தார். தாரணி பள்ளியில் படிக்கும்போதே அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுபடி பஸ் ஏறி வேலைக்குப் போனார். மகளைக் கணக்காளர் ஆக்கினார். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேச மாட்டார். திட்டுவதென்றால் முகத்துக்கு நேராகத்தான். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தபால் நிலையக் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊரார் கல்யாணத்தில் எல்லாம் மைக் பிடித்துச் சிரிக்க வைத்ததில், என் கல்யாணத்தை மறந்துபோனவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைமாடி அறையில் குடியிருந்தேன். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை ஆனதும், தாரணி என்னைக் கூப்பிட்டு, "மாமா, அம்மாவைப் பார்த்துக்கங்க" என்றாள். இரண்டு பையோடு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தேன். அதே நாளில் அவள் அக்காவிடம், "மாமா அங்க தனியா கிடக்கிறாரு, நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லியிருந்தாள். இது தெரியாமல், இரண்டு கிழங்களும் பல மாதம் ஒருவருக்கொருவர் பெரிய மனசு பண்ணிக்கொண்டிருந்தோம்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி சாந்தி மிஸ்ஸி. முதல் நாள் புண்ணைப் பார்த்தார், ரத்த அழுத்தம் எடுத்தார், பிஸ்கட் டின்னில் கலந்து கிடந்த மாத்திரைகளைப் பிரித்து அடுக்கினார். பிறகு அக்காவின் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஆன்டி, இன்னிக்கு என்ன கிழமை?"

"மிஸ்ஸி வர்ற கிழமை."

"இப்ப நாம எங்க இருக்கோம்?"

"என் வீட்டுல. நீங்க கேக்குற கேள்வியைப் பார்த்தா போலீஸ் ஸ்டேஷன் மாதிரிதான் இருக்கு."

"சரி, இவரு யாரு?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுவா? தபால்ல தவறி வந்த பார்சல். திருப்பி அனுப்பலாம்னா அட்ரஸ் இல்ல."

மிஸ்ஸி எழுதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "அங்கிள், இவங்க எப்பவும் இப்படித்தானா?"

"பொறந்ததுல இருந்தே."

"அப்ப இதுதான் இவங்களுக்கு நார்மல். நல்லா ஞாபகம் வச்சிக்கங்க. வயசானவங்களுக்கு உள்ள நோய் வந்தா சில சமயம் காய்ச்சலே அடிக்காது. ஆளு மாறிடுவாங்க, திடீர்னு. நான் வாரத்துல ஒருநாள் வர்றவ, எனக்குத் தெரியாது. கூட இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும்."

நான் பொறுப்போடு தலையாட்டினேன். பிறகு மிஸ்ஸி அக்காவை நாற்காலியிலிருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்துக் கதவுவரை நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். "அங்கிள், நீங்களும் சும்மா ஒருதடவை நடங்க லா" என்றார். நான் எழுந்தபோது என் முழங்கால் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக்குக்கே கேட்டிருக்கும்.

"இவனுக்கும் ஒரு வாக்கர் எழுதிக் குடுங்க மிஸ்ஸி," என்றார் அக்கா. "ரெண்டு பேரும் ரேஸ் விடுறோம்."

சில வாரம் கழித்து ஒரு காலை. பாசாருக்குப் போய்க் கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். அக்கா வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கிறார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. உட்காருங்க."

மேசையில் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்த பூப்போட்ட கோப்பை. அந்தக் கோப்பை விருந்தாளிக்கு மட்டும். எனக்கு எப்போதும் காது உடைந்த மக்தான். ஆகா, இன்றைக்கு நாடகம் பெரிதாக இருக்கிறதே என்று நினைத்தேன். மைக் பிடித்த ஆள் சும்மா இருப்பேனா? கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்தேன்.

"பொண்ணைப் பார்க்கலாமுங்களா?" என்றேன்.

"பொண்ணு குளிக்கிறா. கொஞ்சம் பொறுங்க" என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

என்ன நடிப்பு என்று வியந்து, போனில் படம் பிடித்துத் தாரணிக்கு அனுப்பினேன். அவளும் சிரிக்கிற முகமாக ஒரு வரிசை அனுப்பினாள். மத்தியானம் சோறு வைத்தேன். விருந்தாளி சாப்பிடும் முன் தான் சாப்பிடக் கூடாது என்றார். அதற்கும் சிரித்தேன். பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போய் நின்றுவிட்டார். உள்ளே கூப்பிடப் போனேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தம்பி இன்னும் பள்ளிக்கூடத்துல இருந்து வரலங்க. மழை வேற வர்ற மாதிரி இருக்கு. நீங்க வர்ற வழியில பார்த்தீங்களா? சின்னப் பையன். காக்கிக் கால்சட்டை. எதைச் சொன்னாலும் சிரிப்பான்."

வாயில் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது. அது அங்கேயே செத்தது.

"பார்த்தேங்க," என்றேன். "வந்துக்கிட்டுத்தான் இருக்கான்."

மிஸ்ஸிக்குப் போன் போட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். சிறுநீரில் கிருமித் தொற்று. காய்ச்சல் துளியும் இல்லை. தண்ணீர் போதாமல் வந்தது என்றார்கள். ஆராய்ந்து பார்த்தால், அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்தால் என்னைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறார். நான் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த லட்சணம்!

சில நாள் மருந்து ஏறிய பிறகு ஒரு காலை வார்டுக்குள் போனேன். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏன்டா, அந்தச் சட்டையைத் துவைக்கவே மாட்டியா?"

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் சீன அம்மா, ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து எனக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு மிஸ்ஸி எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இது மறதி நோய் இல்லை, கிருமி போனால் குழப்பமும் போகும், ஆனால் மறுபடி வரலாம். அடையாளம் என்ன என்று என்னைக் கேட்டார். யோசித்துச் சொன்னேன்: "எனக்கு மரியாதை குடுப்பாங்க மிஸ்ஸி."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதுவே போதும் அங்கிள்," என்றார். "மரியாதை குடுத்தா கொண்டு வந்துருங்க."

தண்ணீருக்கு ஒரு பெரிய ஜக், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பு நாற்காலி எல்லாம் வந்தன. நாற்காலி உறுதியாக இருக்கிறதா என்று கடைக்கு நடுவிலேயே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனவர்களும் பார்த்தார்கள்.

அடுத்தது தீபாவளிக்கு முன்பு. பலகாரம் கொண்டுவந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் இருக்கிறார்கள். நான் அடுக்களையிலிருந்து வந்தேன்.

"வாங்க தம்பி, உட்காருங்க. ரொம்ப களைச்சுப் போயிட்டீங்க" என்றார் அக்கா.

முறுக்குத் தட்டை யாரோ ஒருவர் மடியில் போட்டேன். அக்காவை வாக்கரோடு சொந்தக்காரர் காரில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், கிழமை கேட்டார்கள், மாதம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அக்கா வகுப்பில் முதல் மாணவி போலப் பதில் சொன்னார். டாக்டர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"டாக்டர்," என்றார் அக்கா, "எனக்கு ஒண்ணுமில்ல. விருந்தாளி முன்னால தம்பிய கொஞ்சம் மதிப்பா பேசலாம்னு பார்த்தேன். அது இவனுக்கு ஒத்துக்கல."

திரும்பி வரும் வழியெல்லாம் காரில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு வாழ்நாளில் முதல் தடவையாக அக்காமேல் உண்மையான கோபம்.

"சிரிக்காத. இதுல மட்டும் விளையாடாத அக்கா. நீ போயிட்டியோன்னு நினைச்சேன். சத்தியம் பண்ணு."

அக்காவின் சிரிப்பு நின்றது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சரிடா. சத்தியம். இனிமே செத்தாலும் உனக்கு மரியாதை குடுக்க மாட்டேன்."

அந்தச் சத்தியம்தான் இப்போது என்னைப் போட்டு அரைக்கிறது.

சென்ற ஆண்டு அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. இதயமும் களைத்துவிட்டது என்றார்கள். வார்டில் மூக்கில் குழாயோடு பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருந்தார். தாரணி ஓடிவந்து ஒரு பக்கம் நின்றாள். நான் இன்னொரு பக்கம். பிற்பகல் நேரம், வெளியே நல்ல வெயில். அக்கா கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்தார்.

"வாங்க," என்றார். "சாப்பிட்டீங்களா?"

மருந்து மாற்றிக்கொண்டிருந்த வார்டு மிஸ்ஸி, சின்னப் பெண், கையை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்: "அங்கிள், இவங்க எப்பவும் இப்படித்தானா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குத் தெரியவில்லை.

"சாப்பிட்டேங்க," என்றேன் அக்காவிடம். "நீங்க?"

அவர் கட்டிலோரம் கிடந்த நாற்காலியைக் கண்ணால் காட்டினார். "உட்காருங்க."

அக்கா சொன்னதை முதல் தடவையிலேயே கேட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்தேன். மறுநாள் காலை அக்கா தூக்கத்திலேயே அமைதியாகிவிட்டார்.

இதைத்தான் ஓராண்டாக எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அம்மா உதடு ஓரமா சிரிச்சிச்சு மாமா, நான் பார்த்தேன்" என்கிறாள் தாரணி. குழாய் இழுத்ததில் அப்படித் தெரிந்திருக்கும் என்கிறார் தாரணியின் சித்தப்பா. பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் இதை ஓட்டுக்கே விட்டார்கள். சாந்தி மிஸ்ஸியிடமும் கேட்டேன். "ரெண்டுமே இருக்கலாம் அங்கிள்" என்றார். படித்தவர்கள் இப்படிச் சொன்னால் நாம் எங்கே போவது?

அக்கா சத்தியத்தைக் காப்பாற்றினார் என்றால், கடைசியில் என்னை யாரென்று தெரியாமலே போனார். என்னைத் தெரிந்துதான் போனார் என்றால், என் கைமேல் செய்த சத்தியத்தை மீறிவிட்டார். எது நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதென்றே எனக்குத் தெரியவில்லை. காலையில் ஒன்று தோன்றுகிறது. மத்தியானம் சோறு போட்டதும் இன்னொன்று. பூப்போட்ட கோப்பையில் நான் இன்னும் ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை. காது உடைந்த மக்தான்.

இனி, கடமைக்கு அல்லாமல் மனதோடு சொல்ல வேண்டியவை. மழையிலும் வந்து அக்காவின் புண்ணைக் கழுவிய சாந்தி மிஸ்ஸி அவர்களுக்கும், வார்டில் அக்காவை மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைத்த தாதியர் அனைவருக்கும், நான் சமைத்ததிலிருந்து அக்காவைக் காப்பாற்றக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மக்சிக்குக்கும், முறுக்கு மடியில் விழுந்தும் மனம் நோகாத உறவினருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த எங்கள் தாமான் குடியிருப்பு இளைஞர்களுக்கும், தொலைவிலிருந்து ஆறுதல் சொன்ன நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் பணிவான நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இவ்வளவு மரியாதையாக எழுதுகிறானே என்று பதற வேண்டாம். ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் தாரணி பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தாள். நான் நலமாகத்தான் இருக்கிறேன். ஒருநாள் கிள்ளானுக்கு வாருங்கள். நான் வாசலிலேயே உங்களைக் கிண்டல் செய்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாம். "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் மட்டும், தயவுசெய்து மிஸ்ஸிக்குப் போன் போட்டுவிட்டு, பிறகு உட்காருங்கள்.

தம்பி
கிள்ளான்