ஒன்பதாவது ரீல்

மேலப்புதூர் செபஸ்தியான் ஒரு சினிமாப் படத்தை மூன்று வாரத்தில் நாற்பத்திரண்டு தடவை தோளில் சுமந்தவர். ஆனால் அந்தப் படம் எப்படி முடிகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டல்லவா, அந்த ஜாதி.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்தத்தால் அரிசிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், பிலிமுக்கும் பஞ்சம். பதினோராயிரம் அடிக்கு மேல் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. எடுத்த படத்துக்கும் பிரதிகள் குறைவு. அதனால் திருச்சியில் ஒரு தியேட்டரும் ஸ்ரீரங்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் ஒரே பிரதியைப் பங்கு போட்டுக்கொண்டன. ஸ்ரீரங்கத்தில் முதலில் ஆரம்பிப்பார்கள். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, காக்கிப் பையில் போட்டு, சைக்கிளில் மாம்பழச் சாலை வழியாகக் காவேரிப் பாலம் தாண்டித் திருச்சி தியேட்டரில் சேர்க்க வேண்டும். அங்கே ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் ஆரம்பிக்கும். செபஸ்தியானின் உத்தியோகம் அதுதான்.

ஆட்டத்துக்கு மூன்று நடை. முதல் நடையில் நாலு ரீல், இரண்டாவதில் நாலு, கடைசியில் மூன்று. முதல் நாலு ரீல் ஓடும்போது கொட்டகையில் காத்து நிற்பதால் அதை மட்டும் பார்ப்பார். பிறகு பாலம்தான். கடைசிப் பெட்டியைத் திருச்சியில் கொடுத்த கையோடு, அடுத்த ஆட்டத்துக்காக முதல் எட்டு ரீலையும் வாங்கிக்கொண்டு திரும்பவும் ஸ்ரீரங்கம் கிளம்பிவிடுவார்.

படத்தின் பெயர் ‘மல்லிகைக் கடிதம்’. கோமதி என்றொரு பெண். நிச்சயமான மாப்பிள்ளை யுத்தத்துக்குப் போகிறான், தகவல் நின்றுபோகிறது. அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். தோல் பையோடு ஒரு கம்பவுண்டர் தினமும் வருகிறான், பையைக் கதவோர ஆணியில் மாட்டுகிறான், மருந்து கலக்கிக் கொடுக்கிறான், போகிறான். நாலாவது ரீல் முடியும்போது கோமதி அந்தக் காலி ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். செபஸ்தியானுக்குத் தெரிந்த படம் அவ்வளவுதான்.

மீதியை அவர் பாலத்தின் மேல் தானே எடுத்துக்கொண்டார். சாயங்கால வெயில் ஆற்று மணலில் பரவிக் கிடக்கும். நடுவில் ஒல்லியாகத் தண்ணீர் ஓடும். மலைக்கோட்டை பின்னால் சிவந்து நிற்கும். பெடலை மிதிக்க மிதிக்க கோமதி ஒரு நாள் ஓடத்தில் வருவாள், ஒரு நாள் மணலில் நடந்து வருவாள். கம்பவுண்டர் எதிர்க் கரையில் நிற்பான். கிட்டே போனால் கம்பவுண்டருக்குச் செபஸ்தியானின் மூஞ்சி இருக்கும். கோமதிக்கு ரோசரியின் மூஞ்சி.

ரோசரி அதே மேலப்புதூர்ப் பெண். ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர். பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த அற்புதசாமிக்கு அவளை நிச்சயம் செய்து, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலைகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். இரண்டாவது ஓலைக்குள் அற்புதசாமி பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போய்விட்டான். சிங்கப்பூர் விழுந்த பிறகு ஒரு கடுதாசி இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. செபஸ்தியான் அவள் அம்மாவிடம் பெண் கேட்டார். அம்மாவுக்குச் சம்மதம். ரோசரி மட்டும், “யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.

தன் கதையே திரையில் ஓடுகிறது என்ற மிதப்பில் செபஸ்தியான், சனிக்கிழமை திருச்சி ஆட்டத்துக்கு அம்மாவுக்கும் மகளுக்கும் இரண்டு பாஸ் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை திருச்சி ஆபரேட்டர் பிலோமின்ராஜிடம், “அண்ணே, கடைசியில என்னதான் ஆகுது?” என்று கேட்டார்.

“எட்டாவது ரீல் முடியறப்ப ஒரு தந்தி வருதுப்பா. ஒன்பதுல போனவன் உயிரோட வந்து நிக்கிறான்” என்றார் பிலோமின்ராஜ்.

அதற்குமேல் கேட்கச் செபஸ்தியான் நிற்கவில்லை. பாதிக் கதையை வைத்து முழுத் தீர்ப்பு எழுதுவது அவர் சுபாவம். ராத்திரி முழுக்க அதே கணக்கு. ரோசரி அதைப் பார்த்தால் அற்புதசாமியும் வருவான் என்று காத்திருப்பாள். தன்னை ஒருநாளும் கட்டிக்கொள்ள மாட்டாள்.

சனிக்கிழமை மூன்றாவது நடையில், மாம்பழச் சாலையில் மருதையின் டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் ஒன்பதாவது பெட்டியைத் தள்ளிவிட்டு, இரண்டு பெட்டியோடு பாலம் ஏறினார். “வார் அறுந்து மண்ணுல விழுந்துடுச்சுண்ணே. சுத்தம் பண்ணாம ஓட்ட முடியாது” என்று பிலோமின்ராஜிடம் சொன்னார். படம் எட்டிலிருந்து பத்துக்குத் தாவியது. அன்றைக்கு மட்டும் அவர் உடனே கிளம்பாமல் ஆட்டம் முடியும்வரை வாசலில் நின்றார். பெண்கள் பக்கமிருந்து ரோசரியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“பாவம், போன பையன் செத்துட்டான்னு தந்தி வந்துடுச்சு. அப்புறம் அந்தக் கம்பவுண்டரையே கட்டிக்கிட்டா. நல்லா இருக்கட்டும்” என்றாள்.

ரோசரி பின்னால் வந்தாள். செபஸ்தியான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போனவன் உயிரோடு வந்த பிறகும் கோமதி எப்படிக் கம்பவுண்டரைக் கட்டினாள் என்று அன்றைக்கே அவருக்கு உறுத்தியது. விடையும் தானே கண்டுபிடித்துக்கொண்டார். கம்பவுண்டர் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான், என்னைப் போலத்தானே இருப்பான் என்று. அதோடு அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஹேண்டில்பாரை வேறு பக்கம் திருப்பிவிடுவார். பேச்சு எடுக்க ஆளும் அதிகமில்லை. சண்டை கிடையாது, பாட்டு மூன்றே மூன்று, இதெல்லாம் ஒரு படமா என்று ஊர் உதட்டைப் பிதுக்கியது. மூன்றாவது வாரத்தோடு எடுத்துவிட்டார்கள்.

படம் போன பிறகு ரோசரியிடமிருந்து பதில் வந்தது. “சாமியார்கிட்ட ஓலை வாசிக்கச் சொல்லுங்க.”

கல்யாணம் நடந்தது. செபஸ்தியான் ரீல் சுமப்பதை விட்டு அரியமங்கலத்தில் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தார். காக்கிப் பை மட்டும் கூடவே வந்தது, ஸ்பேனர் போட. நல்ல புருஷன், நல்ல தகப்பன். ஆனால் ரோசரி அவரைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், திருடிய பொருளை அனுபவிக்கிற கூச்சம் ஒன்று உள்ளே கிடந்தது.

நாற்பத்தாறில் அற்புதசாமி திரும்பி வந்தான். ஜப்பான்காரன் முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக. ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான். கடையிலிருந்து வந்த செபஸ்தியான் வாசலில் அவனைக் கண்டதும் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். அவர்கள் பேசட்டும், நாம் எங்கேயாவது போய்விடலாம் என்று திரும்பியபோது ரோசரி எழுந்து வந்தாள். அவர் தோளிலிருந்து பையை வாங்கினாள், கதவோர ஆணியில் மாட்டினாள், ஒன்றும் சொல்லாமல் காபி போட உள்ளே போனாள். அற்புதசாமி காபி குடித்துவிட்டு, குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனான். போகும்போது செபஸ்தியானின் கையைப் பிடித்து, “நல்லா இருங்க” என்றான். அந்த வார்த்தை அவரை இரண்டு வருஷம் தூங்கவிடவில்லை.

நாற்பத்தெட்டில் ஒரு நாள் தெருவில் தமுக்கு அடித்துக்கொண்டு மாட்டு வண்டி போயிற்று. இரண்டு பக்கத் தட்டியிலும் பழைய படம் ‘மல்லிகைக் கடிதம்’. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு ஆட்டம், அதே தியேட்டரில்.

“போவோங்க” என்றாள் ரோசரி.

“அது ஓடாத படம். ஊரே சிரிச்ச படம்.”

“ஊரு கெடக்குது. எனக்குப் பார்க்கணும்.”

இந்தத் தடவை ஒரே தியேட்டர், முழுப் பிரதி. பாலத்தில் யாரும் சைக்கிள் மிதிக்கவில்லை. குழந்தையை ரோசரியின் அம்மாவிடம் விட்டுவிட்டு, நாற்காலி வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மொத்தம் பதினைந்து பேர் இருந்தால் அதிகம்.

முதல் நாலு ரீல் மனப்பாடம். ஐந்திலிருந்து அவர் காணாத உலகம். பாலத்தின் மேல் அவர் எடுத்த படத்தைவிட அது மெதுவாகப் போயிற்று, அழகாகவும் இருந்தது. மழையில் மல்லிகைப் பந்தல், கோமதியின் அம்மா இருமும் சத்தம், கம்பவுண்டரின் நனைந்த செருப்பு. இருட்டில் செபஸ்தியான் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்து மிதந்தார். தந்தி வந்தது. ரீல் மாறும்போது திரையில் வெள்ளை வெளிச்சம் ஒன்று வெட்டியது.

போனவன் கோலூன்றிக்கொண்டு வந்து நின்றான். கோமதி அழுதாள். மனதார அழுதாள். அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கம்பவுண்டர் தில்லுமுல்லு எதுவும் செய்யவில்லை. ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைத் தாண்டினான், அவ்வளவுதான். அப்போது கோமதி எழுந்து வந்தாள். அவன் தோளிலிருந்து பையை வாங்கினாள். கதவோர ஆணியில் மாட்டினாள். ஒரு வார்த்தை இல்லை. திரும்பி உள்ளே போனாள்.

செபஸ்தியான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஆணியும் பையும் மட்டும் இருந்தன. ஆணி அவர் வீட்டு ஆணி. பை காக்கிப் பை. எந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

“இதுக்கு முன்னால நீ இதைப் பார்த்திருக்கியா?” என்று கேட்டார்.

“ஸ்ரீரங்கத்துல. நீங்க பாஸ் கொடுத்த அந்தச் சனிக்கிழமைக்கு ரெண்டு நாள் முன்னாடி, எங்க ஸ்கூல் டீச்சருங்களோட. அன்னைக்கே என் மனசுல முடிவாயிடுச்சு. பட்டாளத்துக்குப் போனவர் வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு. சனிக்கிழமை உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன்.” திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “பார்த்தா அந்த ரீலைக் காணோம். மண்ணுல விழுந்துச்சுன்னு ஆபரேட்டர்கிட்ட சொன்னீங்களாம். மருதை கடைப் பெஞ்சுக்கு அடியில இருந்துச்சுன்னு திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறப்ப மருதையே சொல்லிட்டாரு. அவர் செத்துட்டார்னு என்னை நம்ப வச்சுக் கட்டிக்கப் பார்க்கிறீங்களேன்னு கோவம். ரெண்டு வாரம் கோவம்.”

“அப்புறம் ஏன் சரின்னே?”

“அன்னைக்கு என் மூஞ்சியப் பார்க்க உங்களால முடியல. கெட்டவரா இருந்தா பார்த்திருப்பீங்க.”

பத்தாவது ரீலில் கோமதியும் கம்பவுண்டரும் ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். ரோசரிக்கு ஏதோ தட்டியது. முதல் தடவையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இதை நீங்க பார்த்ததே இல்லையா?”

“நான் எங்க பார்த்தேன். பாலத்துல இருந்தேன்.”

“அப்ப அவர் வந்த அன்னைக்கு நான் உங்க பையை வாங்கி மாட்டினேனே, என்னன்னு நெனச்சீங்க?”

செபஸ்தியான் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“பை கனமா இருக்குன்னு வாங்குறேன்னு நெனச்சேன்” என்றார்.