பீப்பருக்கு ஒரு அர்ச்சனை

சுவிஸில் டாவோஸ் ஹோட்டல் சமையலறையில் காலமெல்லாம் வேலை செய்த தியாகலிங்கம், ஜன்னலுக்கு வெளியே நின்ற பனிமலையை ஒருநாளும் நம்பியதில்லை. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் பீப்பரை வாங்கிய அன்றே அந்தப் பயம் போய்விட்டது. புதுக் காருக்குச் செய்வதுபோல் அதைத் திரிம்பாக் ஊரிலுள்ள தமிழ்க் கோயிலுக்குக் கொண்டுபோய், அர்ச்சனை செய்து, அதன்மேல் சந்தனமும் அப்பிக்கொண்டு வந்தார்.

"இனி எந்தச் சரிவிலையும் ஏறலாம்," என்றார்.

"அது உங்களைக் காப்பாத்திற சாமானில்லையப்பா, தோண்டி எடுக்கிற சாமான்," என்றாள் மனைவி கமலாவதி.

சனிக்கிழமை பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் மூன்றாம் நிலையில் இருந்தது. தியாகலிங்கம் சேர்ந்திருந்த மலையேறும் குழு புறப்படுமுன் வழிகாட்டி உர்சினா ஒவ்வொருவருடைய பீப்பரையும் சோதித்தாள். அவருடையது முனகக்கூட இல்லை. காய்ந்த சந்தனம் சுவிட்சை இறுக்கிப் பிடித்திருந்தது. வேலை செய்யாத பீப்பரோடு யாரையும் கூட்டிப்போவதில்லை என்று அவள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"சாமிதான் மறிச்சது. இண்டைக்கு அவையள் ஏறுற சரிவு கட்டாயம் இடியும், பாரும்," என்று வீட்டுக்கு வந்து கமலாவதியிடம் அடித்துச் சொன்னார்.

"அப்ப மற்றச் சனத்துக்குச் சாமி இல்லையோ?"

உர்சினா செங்குத்தான சரிவை விட்டுவிட்டு, குழுவைக் காட்டு வழியாகக் கூட்டிப்போயிருந்தாள். பின்னேரம் எல்லோரும் மூக்குச் சிவக்கத் திரும்பி வந்து, அவர் வேலை செய்த ஹோட்டலிலேயே இருந்து சூப் குடித்தார்கள். அவர்கள் உயிரோடு வந்ததைத் தியாகலிங்கம் இன்றுவரை மன்னிக்கவில்லை.