கேபின்காரர் எழுதிய புரோகிராம்

பிரம்மதேசத்துத் தாண்டவராயனுக்கு விழுப்புரம் ஜங்ஷன் பிடிக்கவில்லை என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. வயிறெரிந்து வெறுத்தார் மனிதர். திண்டிவனத்தில் படிப்பை முடித்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் ரயில்வேயில் சேர்ந்தவரைச் சிக்னல் கேபினில் ஏற்றினார்கள். அதோடு சரி. மாற்று ஆள் வராமல் கேபினைவிட்டு இறங்கக்கூடாது என்பது சட்டம். அப்பா செத்த சேதி வந்த அன்று பார்த்து மாற்று ஆளுக்குக் காய்ச்சல். வருகிற வண்டிக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டு, தான் மட்டும் போகமுடியாமல் நின்றார். ஊர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் நெருப்பே அணைந்திருந்தது. செத்தாலும் இந்தக் கூண்டில் சாகக்கூடாது என்று அன்றைக்குத் தீர்மானம் செய்தார்.

அறுபத்தாறில் ஒரு வழி திறந்தது. சென்னை ஆபீசில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத ஆள் வேண்டுமாம், உள்ளே இருப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பரீட்சை வைத்து எடுப்பார்களாம், வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாதாம். தாண்டவராயனுக்கு அப்போது முப்பத்து நாலு. இதை விட்டால் ஜென்மத்துக்கும் கேபின்தான். சேதி கேட்ட அவர் மனைவி செண்பகம், பட்டணம் போகப்போகிறோம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

பயிற்சியில் ஃபோர்ட்ரான் என்ற பாஷையைச் சொல்லிக்கொடுத்தார்கள். யந்திரத்துக்கு வரிவரியாக உத்தரவு எழுதும் பாஷை. இப்படி இருந்தால் அங்கே போ, இல்லாவிட்டால் அடுத்த வரிக்கு வா என்று எழுத வேண்டும். தாண்டவராயனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அட, இதைத்தானே பதிமூன்று வருஷமாகக் கையால் செய்துகொண்டிருக்கிறேன்! கேபினில் ஒரு லைனில் வண்டி வரச் சிக்னலை இறக்கினால், அதற்கு எதிரான லைனைத் திருப்பும் லிவர், அந்த இரும்புக் கைப்பிடி, தானே பூட்டிக்கொள்ளும். சிக்னலைத் திரும்பத் தூக்கும்வரை யானை வந்து இழுத்தாலும் அசையாது. மனுஷன் அசந்தாலும் பூட்டு அசராது.

பரீட்சைக் கணக்கும் யார்டுக் கணக்காகவே வந்து தொலைத்தது. வருகிற வேகன்களை ஒவ்வொன்றாக ஒரு லைனில் சேர்க்க வேண்டும், லைன் நிறைந்தால் மிச்சத்தை அடுத்த லைனுக்குத் திருப்ப வேண்டும். தாண்டவராயன் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வரியில் காவலைப் போட்டார்: லைன் நிறைந்திருந்தால் அடுத்த லைனுக்குப் போ. அதற்குக் கீழே, வேகன் தீரும்வரை சேர்த்துக்கொண்டே இரு என்று எழுதிவிட்டு நிம்மதியாக எழுந்து வந்தார். யந்திரம் அதை ஓட்டிப் பார்த்தது. ஓட்டினால், அத்தனை வேகனும் ஒரே லைனில்! தண்டவாளம் முடிந்த பிறகும் அடுக்கிக்கொண்டே போயிருந்தது.

லிவரைத் தொட்டே பார்க்காத பார்சல் குமாஸ்தா அப்துல் வஹாப் பாஸ். இவர் பெயில். நெஞ்சு பொறுக்காமல் பயிற்சி கொடுத்த அரங்கநாதனிடம் போய்க் கேட்டார், நான் காவல் போட்டிருந்தேனே என்று.

"அந்த வரி அங்கயே நின்னு காவல் காக்காது சார். நீங்க கேட்டப்போ லைன் காலியா இருந்தது, காலின்னு பார்த்துட்டு அடுத்த வரிக்குப் போயிடுச்சு. ஒவ்வொரு வேகனுக்கும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கணும்."

தாண்டவராயனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வரியை இடம் மாற்றிப் போட்டிருந்தால் போதும். அந்த ஒரு வரியில் போயிற்று வாழ்க்கை. அடுத்த பரீட்சை வருவதற்குள் வயது தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், எல்லாவற்றையும் செண்பகத்திடம் கொட்டினார். பூட்டு வேறு, கேள்வி வேறு என்றார். ஒரு தடவை கேட்டுவிட்டு அதையே நம்பிக்கொண்டிருந்ததுதான் தப்பு, நிலைமை மாறிக்கொண்டே இருக்கும்போது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

செண்பகம் ரசத்தை ஊற்றினாள்.

"என்னையும் ஒரு தடவதான் கேட்டீங்க," என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல, இந்த ஊட்ல இருந்துக்குவியான்னு. சரின்னேன். பனமலையில வெட்டவெளியில வளர்ந்தவ நானு. இங்க ஜன்னலைத் தொறந்தா பக்கத்து ஊட்டுச் செவுரு. நீங்க கேபின்ல மாட்டிக்கினு இருந்தீங்க, சரி. நான் எங்க இருந்தேன்னு நெனச்சீங்க?"

தாண்டவராயன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இப்போ கேக்கறேன், சொல்லு. இருக்க முடியுமா உன்னால?"

"முடியலைன்னு சொன்னா, எங்க இட்டுக்கினு போவீங்க?"