மூன்றாவது முடிச்சு

1998 என்று நினைவு. ஆவணி மாதம், கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் என் தம்பிக்குக் கல்யாணம்.

அப்போது எனக்கு இடது கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கரிசல் புழுதி பறக்கும் காற்றுக் காலத்தில் கேட்கவே வேண்டாம். கயத்தாற்றில் எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்கள், "என்ன மதினி, அண்ணாச்சி கூட சண்டையா?" என்று கேட்டுவிட்டுத்தான் பருப்பே வாங்குவார்கள். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் பாதை அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி கல்யாணம் முடியட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். இதெல்லாம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போடுவது எங்கள் வழக்கம். தம்பிக்கு நான் ஒருத்திதான் உடன்பிறந்தவள். பட்டுச்சேலை கட்டி, பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். ஐயர் தாலியை எடுக்கும் நேரத்தில் என் சித்தி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, நீ தள்ளி நில்லு. நல்ல காரியத்துல கண்ணீர் வடிச்சிக்கிட்டா தாலியத் தொடுவ? என் மக முடியட்டும்."

"சித்தி, நான் அழலை. இது நோவு. உங்களுக்குத் தெரியாதா?"

"பாக்குதவியளுக்குத் தெரியுமா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சித்தி மகள் என் இடத்தில் வந்து நின்றாள். கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான்.

சித்தி மகள் கயிற்றைத் தொடப் போனாள். மணப்பெண் சட்டென்று பிடரிக்குக் கையைக் கொண்டுபோய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். குனிந்த தலை நிமிரவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"மதினி வந்து முடியட்டும். அவிய இல்லாம வேற யாரும் தொட வேண்டாம்."

மேளக்காரர்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டார். ஐயர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். அவள் கையை எடுக்கவில்லை. சித்தி முகம் கறுத்துப்போய் மகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். நான் போய் இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவள் கழுத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

அடுத்த தையில் ஆபரேஷன் செய்து கண் சரியாகிவிட்டது. அதன் பிறகு சித்தி தன் மகள் கல்யாணத்துக்கு, "நீதான் முன்ன நின்னு ஆரத்தி எடுக்கணும்" என்று வந்து கூப்பிட்டாள். நான் போகவில்லை. பெரிய மனசு பண்ணிப் போயிருக்கலாம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கண் சரியாகாமலே போயிருந்தாலும் அந்த முடிச்சு எனக்கு உரியதுதான். அதைச் சொல்ல அத்தனை சொந்தத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை, அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு வந்தது என்பதை நினைத்தால், இந்த வயதிலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.